ஒளி கேட்கும் செடிக்கு உரமா?

மாதுங்காவிலோ செம்பூரிலோ தொட்டிச் செடி வாங்கி வரும் நம் நண்பர்களைக் கவனியுங்கள். வாங்கியதும் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, “என்ன உரம் போடலாம்?” என்பதே. “எங்கே வைக்கலாம்?” என்று கேட்பார் அரியர்.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். தாராவியில் எங்கள் வீட்டிற்கு ஒரே சன்னல். நான்கடி எதிரே அடுத்த வீட்டுச் சுவர். ஊரிலிருந்து அன்னை கொண்டுவந்த குரோட்டன்ஸ் செடி அங்கே நிறம் மங்கியது. “வெளிச்சம் பத்தலடா” என்றார் அன்னை. தாவரவியல் முதுகலை படிக்கும் மகன் கேட்பானா? ஒரு கைப்பிடி யூரியாவை அள்ளி இட்டேன். பத்தே நாளில் இலை நுனிகள் கருகின. மாதம் முடியுமுன் செடி மாண்டது.

படித்தவன் மறந்த பாடம் இதுதான்: ஒளிச்சேர்க்கையின் வேகத்தை எல்லாக் காரணிகளும் சேர்ந்து முடிவு செய்வதில்லை, மிகக் குறைவாயுள்ள ஒன்றே கடிவாளம் பிடிக்கிறது. பிளாக்மன் 1905-இலேயே இதனை எடுத்துரைத்தார். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நம் விடுதி அறையின் உள்மூலையிலோ சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது! நம் கண் இருளுக்குப் பழகிவிடுவதால் அந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை, இலைக்குத் தெரியும். ஒளி ஓர் அளவிற்குக் கீழே இறங்கினால், இலை ஆக்கும் உணவு அது சுவாசிப்பதற்கே போதாது. அந்நிலையில் யூரியாவிலுள்ள 46 விழுக்காடு நைட்ரஜனை வைத்துக்கொண்டு செடி என் செய்யும்? பச்சையமும் நொதியும் ஆக்க நைட்ரஜன் வேண்டும், மெய். ஆனால் அவற்றை ஆக்குவதற்கும் ஒளி தந்த சர்க்கரை வேண்டுமே! உண்ணப்படாத உரம் மண்ணில் உப்பாய்த் தேங்கி, வேரை நீர் உறிஞ்சவொட்டாமல் தடுக்கிறது.

உரமே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஒளி நிறைந்த இடத்தில் சிறிதளவு உரம் இலையைச் செழிக்கச் செய்யும். வயலுக்கென ஆக்கப்படும் 15:15:15 கலப்புரத்தை வெளிச்சமற்ற மூலைத் தொட்டியில் கொட்டுவதையே எதிர்க்கிறேன். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் கவிந்த மாதங்கள். அப்போது அறைக்குள் இருக்கும் செடிக்கு உரத்தை நிறுத்திவிடலாம். மணி பிளாண்ட் மங்கிய ஒளியையும் பொறுக்கும். குரோட்டன்ஸ் பொறுக்காது, வெளிச்சம் குறைந்தால் தன் வண்ணத்தை இழக்கும். அதற்காக, நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்து வாட்டவும் வேண்டாம். சில நாட்கள் காலை வெயிலில் பழக்குங்கள்.

அன்னை இப்போது வேறொரு குரோட்டன்ஸ் கிளையைப் பதியன் போட்டு, வெயில் விழும் மேற்படியில் வைத்திருக்கிறார். உர டப்பா எங்கே என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்.