ரோபோவுக்கு முன் கேட்க வேண்டியது

ரோபோ அறுவைச் சிகிச்சை என்றதும், மருத்துவர் இல்லாமல் இயந்திரமே வயிற்றைக் கிழிக்கும் என்று நினைக்கிறீர்களா? ஜெலுத்தோங்கில் என் மாணவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டாவின்சி கருவி தானாக ஒரு தையல்கூடப் போடாது. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து விரல்களை அசைக்க, நோயாளியின் உடலுக்குள் மெல்லிய கருவிகள் அசைகின்றன. கைநடுக்கம் மட்டும் வடிகட்டப்படுகிறது.

நம் நாட்டில் இது 2004இலேயே கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022இல் வந்தது. செலவு ஏறத்தாழ 35 கோடி ரூபாய். பாலிங், கூலிம் பக்கத்து நோயாளிக்கும் இது எட்ட வேண்டாமா? கட்டாயம் எட்ட வேண்டும். ஆனால், கருவியை மட்டும் கொண்டுவந்து இறக்கினால் போதாது.

2001 செப்டம்பர் 7ஆம் நாள், நியூயார்க்கில் அமர்ந்தபடி மருத்துவர் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்திராஸ்பூர்க்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை அகற்றினார். எல்லாரும் வியப்பது அந்தத் தூரத்தை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: தொடர்பு அறுந்தால் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள, அந்த அறையில் மருத்துவர்கள் நின்றிருந்தார்கள்.

சிறு நகர மருத்துவமனையில் அப்படி யார் நிற்பார்? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்தால், ரோபோ எப்போது வரும் என்று கேட்பதற்கு முன், மயக்க மருந்து மருத்துவரும் அறுவைக்கூடத் தாதியரும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.