தாயாகி வந்த தயாபரன்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கப் படியேறும் அன்பர்கள், இடைவழியில் தாயுமானவர் சந்நிதியையும் வணங்கியே செல்வர். செவ்வந்திநாதர் என்னும் அப்பெருமானுக்குத் 'தாயுமானவர்' என்ற திருநாமம் வாய்த்தது, ஒரு பெண்ணின் தலைப்பிரசவத்தை முன்னிட்டே ஆகும்.

இரத்தினாவதி என்பாள் வணிகர் குலத்துப் பெண். அவளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. மகளுக்குத் துணையிருக்க வேண்டிப் புறப்பட்டாள் தாய். வழியில் காவிரி இருகரையும் புரண்டு ஓடியது. அக்கரையில் தாய், இக்கரையில் வலியால் துடிக்கும் மகள். துணையற்ற அவள் செவ்வந்திநாதரை நினைந்து அழுதாள். பெருமான் அத்தாயின் வடிவிலேயே வந்து அருகிருந்து பேறு பார்த்தார். வெள்ளம் வடியும்வரை அவ்வீட்டிலேயே தங்கித் தாயையும் சேயையும் பேணினார். உண்மைத் தாய் வந்து வாயிலில் நின்றபோது, வந்திருந்தவர் மறைந்தருளினார் என்கிறது தலவரலாறு.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. காவிரியை வற்றச் செய்ய அவரால் இயலாதா? ஒரு பார்வையால் அவ்வலியை மாற்ற இயலாதா? இயலும். ஆயினும் அவர் தேர்ந்துகொண்டது உடனிருத்தலையே. முதன்முறை தாயாகும் பெண்ணுக்கு அதனினும் பெரிய உதவி இல்லை என்பதைப் பெருமானே காட்டியருளினார்.

தலைப்பிரசவம் நெடுநேரம் நீள்வது. இடுப்பிலும் அடிவயிற்றிலும் விட்டுவிட்டுத் தோன்றும் வலி, மெல்ல மெல்ல நெருங்கியும் வலுத்தும் வரும். ஒரு பகலும் ஓர் இரவும் கழிதலும் உண்டு. கருப்பையின் வாய் 10 சென்டிமீட்டர் அளவு விரிந்த பின்னரே குழந்தை வெளிவரும் கட்டம். முதற்பேற்றில் அக்கட்டம் மட்டுமே 3 மணி நேரம்வரை நீளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. முன்பின் அறியாத அப்பெண்ணுக்கோ, ஒவ்வொரு வலியும் இதுவே கடைசி என்று தோன்றும். அடுத்தது வரும்போது மனம் தளரும். "இன்னும் எவ்வளவு நேரம் அம்மா?" என்பாள். அதற்கு யாராலும் விடை கூற இயலாது. அவள் கையைப் பற்றிக்கொள்ள இயலும்.

இதனை இன்றைய மருத்துவமும் ஏற்றுக்கொண்டுள்ளது. நம்பிக்கைக்குரிய ஒருவர் இடைவிடாது உடனிருக்கும்போது, பேறு இயல்பாக நிகழும் வாய்ப்பு கூடுகிறது. வலியின் காலம் சற்றே குறைகிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழக அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணையாக உறவினப் பெண் ஒருவரை அனுமதிக்கும் திட்டம் 2004-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. மகளையோ மருமகளையோ சேர்க்கும்போது, உடனிருக்க அனுமதி உண்டா என்று முன்னதாகவே கேட்டு வைத்தல் நலம்.

உடனிருக்கும் பெரியவர்கள் சிலவற்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். இடுப்பை இதமாக நீவி விடுங்கள்; மருத்துவர் அனுமதித்தால் பருகச் சிறிது நீர் கொடுங்கள்; அவளுக்குப் பழகிய நாமத்தை மெல்லச் சொல்லுங்கள். "நாங்களெல்லாம் வீட்டிலேயே பெற்றோம்" என்ற பேச்சு அவ்வேளையில் வேண்டா. அறுவை தேவைப்பட்டால், அதனைக் குறையாகவும் பேச வேண்டா. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் பெற்ற விளக்கெண்ணெய் வயிற்றில் தடவுவதற்கே உரியது. வலி வரவேண்டுமென்று எந்த விளக்கெண்ணெயையும் உள்ளுக்குக் கொடுத்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் கண்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, இராகுகாலம் கழியட்டும் என்று ஒரு கணமும் தாமதியாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தினாவதியின் இல்லத்துக்கு வர இறைவன் நாளும் கோளும் பார்க்கவில்லை. அவள் அழைத்த பொழுதே அவருக்கு நல்ல பொழுதாயிற்று.

குழந்தை பிறந்த பின்பும் தாயுமானவர் உடனே மறைந்துவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலை ஊட்டத் தாய்க்குத் துணை செய்யுங்கள். சர்க்கரை நீரும் தேனும் அப்பச்சிளங்குழவிக்கு வேண்டா. களைத்துக் கிடக்கும் பெற்றவளிடம், "நீ எப்படி இருக்கிறாய்?" என்று முதலில் கேளுங்கள். எல்லோருடைய கண்ணும் தொட்டிலின்மேல் இருக்கும் அவ்வேளையில், அச்சொல் அவளுக்கு மருந்தாகும்.

சித்திரைப் பெருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்னும் ஐதிக நிகழ்ச்சி மலைக்கோட்டையில் இன்றும் நடைபெறுகிறது. சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் சமர்ப்பித்து நன்றி செலுத்துகின்றனர். நாமும் வேண்டிக்கொள்வோம். வேண்டிக்கொண்ட கையோடு, வலியோடிருக்கும் நம் பெண்ணின் அருகே சென்று அமர்வோம். அதுவும் தாயுமானவர் வழிபாடே.