ஓர் ஆளுக்கு ஒரு மேஜை

"யாரு கூடப் போறே?"

பிரான்ஸ் விசா வந்துவிட்டது என்று சொன்னதும் சின்ன அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். "யாரும் இல்லை அத்தை, நான் மட்டும்தான்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார், "அப்போ சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

சிரித்துவிட்டேன். ஆனால், அத்தை சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தார். எனக்கு 53 வயது. அதுவரை ஒரு தடவைகூட ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆபீஸ் வேலையாக வெளியூர் போனால் பார்சல்தான். லாட்ஜ் கட்டிலில் பேப்பரை விரித்து, ஆறிப்போன இட்லியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். தனியாக உட்கார்ந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம். உங்களில் பலருக்கும் இது தெரிந்த கூச்சம்தானே?

நான் போனது லியோன் நகரத்துக்கு. பாரிஸிலிருந்து வேக ரயிலில் 2 மணி நேரம். ரோன், சோன் என்று இரண்டு நதிகள் சேரும் ஊர். நூற்றாண்டுகளாகப் பட்டு நெய்த ஊர் என்பதால் எனக்கு அதன் மேல் ஓர் ஆசை. பட்டுத்தறி வேலை குறைந்துவிட்டாலும் துணியின் அருமை அங்கே யாருக்கும் மறக்கவில்லை. காய்கறி வாங்க வரும் பாட்டிகூட கழுத்தில் ஒரு ஸ்கார்ஃபை அழகாக முடிந்துகொண்டுதான் வருகிறார்.

முதல் நாள் மாலை, தெருவெல்லாம் மேஜை நாற்காலி, விளக்கு, சிரிப்பு. நான் ஒரு கடையில் ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுமார் 8,000 கிலோமீட்டர் பறந்து வந்தும் அதே பார்சல்!

மறுநாள் பழைய நகரத்தைச் சுற்றினேன். அங்கே 'த்ரபூல்' என்ற சந்துகள் பிரபலம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீட்டுக் கதவு. தள்ளித் திறந்தால் வீடுகளுக்கு அடியிலேயே ஒரு பாதை, நடுவில் முற்றம், சுழல் படிக்கட்டு. மறுபக்கம் வேறு தெருவில் கொண்டு விடும். இப்படிப்பட்ட பாதைகள் வழியாகத்தான் அந்தக் காலத்தில் பட்டு மழையில் நனையாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை எதிர்த்துப் போராடியவர்களுக்கும் இவை தப்பிக்கும் வழியாக இருந்தன.

ஒரு பாதையில் பாதி தூரம் போனதும் இருட்டு. பின்னால் காலடிச் சத்தம். எனக்கு நெஞ்சு படபடத்தது. வந்தவர் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி. "போன்ஜூர்" என்று சொல்லி, சுவரில் ஒரு பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது. அந்தப் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது!

மூன்றாம் நாள், நெசவாளர்கள் வாழ்ந்த குருவா ரூஸ் மேட்டுக்குப் போனேன். உயரமான ஜக்கார்டு தறி நிற்கவேண்டும் என்பதற்காகவே அங்கே வீடுகளின் கூரையை அத்தனை உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். இறங்கி வரும்போது ரூ ரோயால் என்ற தெருவில் ஒரு உணவகம். 1921-ல் அதைத் தொடங்கியவர் யூஜெனி பிராசியே.

சிறு வயதிலேயே தாயை இழந்து, பண்ணையில் பன்றி மேய்த்த பெண் அவர். கல்யாணம் ஆகாமல் குழந்தை பிறந்ததால் அப்பா வீட்டைவிட்டுத் துரத்தினார். கைக்குழந்தைக்காக லியோனுக்கு வந்து வீட்டு வேலை, சமையல் வேலை என்று உழைத்தார். 1933-ல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று மிஷ்லன் நட்சத்திரங்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பால் போக்யூஸ் இவரிடம் வேலை கற்றவர்தான். இவர் மட்டுமல்ல, பணக்கார வீடுகளில் சமைத்துவந்த பெண்கள் பலர் தாங்களே கடை திறந்து வளர்த்ததுதான் லியோனின் சாப்பாட்டுப் பெருமை. அவர்களை ஊரே 'மேர்', அதாவது 'அம்மா' என்றுதான் அழைத்தது.

அந்த வாசலில் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்துவிட்டேன். ஆனால், பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன 'பூஷோன்'. லியோனின் பாரம்பரியச் சாப்பாட்டுக் கடைக்கு அதுதான் பெயர். கதவைத் திறந்தேன். "போன்ஜூர்" என்று சொல்லி ஒரு விரலைக் காட்டினேன். பரிமாறும் பெண் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஜன்னலோர மேஜையைக் காட்டினார். அவ்வளவுதான். இதற்கா 53 வருஷம்?

முதல் பத்து நிமிஷம் போனை நோண்டுவது போல நடித்தேன். பிறகு நிமிர்ந்தேன். எதிர் மேஜையில் என்னைவிட வயதான ஒரு பெண்மணி, தனியாக, பேப்பர் படித்தபடி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. என்னையும்தான்.

நான் சைவம். பூஷோனில் பெரும்பாலும் இறைச்சிதான். 'செர்வெல் த கனூ' என்று ஒன்று இருந்தது. நேரடி அர்த்தம், நெசவாளியின் மூளை! பயப்படாதீர்கள், அது பூண்டும் பச்சிலையும் கலந்த வெண்மையான பாலாடைக்கட்டி. அதோடு ரொட்டி, பாலில் வெந்த உருளைக்கிழங்கு, கடைசியில் இளஞ்சிவப்பு நிறத்தில் பாதாம் மிட்டாய் போட்ட இனிப்பு.

உருளைக்கிழங்கு ஆவி பறக்க வந்தது. முதல் வாய் வைத்ததும் அம்மா ஞாபகம். எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார். அம்மா சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்காக மட்டும் ஒருவர் சூடாகக் கொண்டுவந்து வைத்த அந்தத் தட்டை, ஒரு பருக்கை விடாமல் காலி செய்தேன்.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் சில விஷயங்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணிக்குள். அதற்குமேல் பல கடைகளில் அடுப்பு அணைந்துவிடும். 'கராஃப் தோ' என்று கேட்டால் குடிதண்ணீர் இலவசம். மெட்ரோவில் கைப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு எண் 112. த்ரபூல் சந்துகளில் மெதுவாகப் பேசுங்கள். மேலே மக்கள் குடியிருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் அத்தையின் போன். "சாப்பாட்டுக்கு என்னடி பண்ணினே?"

"தனியா உட்கார்ந்து, சூடா சாப்பிட்டேன் அத்தை."

மறுபடி கொஞ்ச நேரம் சத்தமில்லை. அத்தைக்கு 74 வயது. மாமா போய் ஆறு வருஷமாகிறது.

"நம்ம அடுத்த தெரு ஹோட்டல்ல ரவா தோசை நல்லா இருக்குமாம். நான் தனியாப் போனா யாராவது ஏதாவது நினைப்பாங்களா?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க. பார்சல் மட்டும் வாங்கிடாதீங்க அத்தை!"