சென்சார் சொன்னா அப்பீலே கிடையாதா?

அமெரிக்காவில் தொடங்கின ஃபர்ஸ்ட் ரோபோ போட்டி, பள்ளி மாணவர்களுக்கானது. 2017 ஆட்டத்தில் ரோபோ எறியும் பந்துகளை எண்ணியது சென்சார். ரிமோட்டில் ஓட்டும்போது, உயரத்தில் இருக்கும் இலக்கில் 3 பந்து போட்டால் 1 புள்ளி. தகுதிச் சுற்றில் 40 எடுத்தால் தரவரிசைக்கு ஒரு புள்ளி கூடுதல். 39-ல நின்னா ஒண்ணுமில்ல. சென்சார் மூணு பந்தை விட்டாலே போச்சு!

முறையிட ஒரு மாணவர் போய் நிக்கலாம். ஆனா 2017-ல எந்த வீடியோவையும் தலைமை நடுவர் பார்க்கல. அப்போ விதியே அதுதான். ரீப்ளே பார்த்தா போட்டி இழுக்கும், ஒத்துக்கிறேன். நானும் இன்ஜினியரிங் படிச்சவன், லேப்ல சென்சார் காலை வாரினதை எத்தனையோ தடவை பார்த்தாச்சு.

வீடியோ வேணாம், சரி. எந்தப் பந்து எந்த நொடியில பதிவாச்சுங்கிற கணக்கையாவது அந்தப் பசங்க கையில கொடுங்க!