குழந்தைக்கு என்ன இருக்கு?

ஒகேனக்கல் போனா மீன் வறுவல் சாப்பிடாம வரக்கூடாதுன்னு அடிச்சுச் சொல்றீங்களே மக்களே, கூட வர்ற மூணு வயசுக் குழந்தை அந்தச் செக்கச்செவேல் மசாலாவுல எதைச் சாப்பிடும்? "காரமில்லாம ஏதாவது?"னு கேட்டா, "பரோட்டாவுக்குச் சர்க்கரை தரட்டா?"ங்கறாங்க.

கொடுமை என்னன்னா, தருமபுரி ராகி விளையற மாவட்டம். 2023-ல ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி தர்ற திட்டத்தை அரசு நீலகிரியிலயும் இங்கயும்தான் ஆரம்பிச்சது. நம்ம வீட்டுக் குழந்தைங்க வளர்றதே ராகிக் கஞ்சியில. நான் ஏறி இறங்கின கடை ஒண்ணுலகூட அது இல்லை!

"வீட்டுலேர்ந்து கட்டிட்டு வா"ம்பீங்க. பெரியவங்களுக்குச் சுடச்சுட, குழந்தைக்கு மட்டும் ஆறிப்போன டப்பாவா? ஊஞ்சல், பலூன் எல்லாம் வேண்டாம்ணா. வெதுவெதுப்பா ஒரு டம்ளர் கஞ்சி, உட்கார ஒரு பெஞ்சு. காசு கொடுத்தே குடிக்கிறோம்.