கோச் கையில் எக்செல் ஷீட்

ரோலர் டெர்பி கோச்சுகளில் ஒரு வகை உண்டு. ஆட்டம் முடிந்து வீராங்கனைகள் காலிலிருந்து ஸ்கேட்டைக் கழற்றுவதற்குள் இவர் லேப்டாப்பைத் திறந்திருப்பார். ஷீட்டில் 15 பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரே ஒரு எண். பிளஸ் வாங்கியவருக்கு அடுத்த ஆட்டத்தில் இடம். மைனஸ் வாங்கியவருக்கு பெஞ்சு. ஏன் என்று கேட்டால், "இது என் முடிவு இல்லை, நம்பர் சொல்லுது" என்று கையை விரித்துவிடுவார்.

நம்பர் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வைத்தவர் கோச். தெரியாமல் செய்தால் அறியாமை, தெரிந்தே செய்தால் கோழைத்தனம். எதுவாக இருந்தாலும் பெஞ்சில் உட்காரப் போவது கோச் அல்ல.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

ரோலர் டெர்பி 1935-ல் சிகாகோவில் லியோ செல்ட்சர் என்பவர் தொடங்கிய ஆட்டம். ஒரு காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்டு, பிறகு படுத்துவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பெண்கள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். இன்று ஆடப்படும் ஆட்டம் அந்த வழியில் வந்ததுதான். மொத்தம் 60 நிமிடம், 30 நிமிடமாக இரண்டு பாதி. அதற்குள் 'ஜாம்' என்ற சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு ஜாம் 2 நிமிடத்துக்கு மேல் போகாது. இரண்டு ஜாமுக்கு நடுவில் 30 விநாடி இடைவெளி.

ஒவ்வொரு ஜாமிலும் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவர் ஜாமர், மற்ற நால்வர் பிளாக்கர்கள். எதிரணி பிளாக்கர்களை ஜாமர் முதல் தடவை தாண்டும்போது புள்ளி கிடையாது. சுற்றி வந்து மறுபடி தாண்டும்போது ஆளுக்கு ஒரு புள்ளி. முதலில் ஒழுங்காகத் தாண்டி வெளியே வரும் ஜாமருக்கு 'லீட்' என்ற அந்தஸ்து. அவர் இடுப்பில் கையைத் தட்டினால் ஜாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். தப்பு செய்தால் 30 விநாடி பெனால்டி பாக்ஸ். ஏழு தப்பு சேர்ந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. கபடி பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்திருக்கும்: பாடிப் போகிறவர் ஒருவர், மடக்குகிறவர்கள் பலர். வித்தியாசம், இங்கே இரண்டு அணியும் ஒரே நேரத்தில் ஆள் அனுப்புகின்றன. பிளாக்கர் எதிரியின் ஜாமரை மறிக்கவும் வேண்டும், தன் ஜாமருக்கு வழி திறந்துவிடவும் வேண்டும்.

சரி, கோச்சின் நம்பருக்கு வருவோம். அதன் பெயர் பிளஸ்/மைனஸ். ஒருவர் தளத்தில் இருந்த ஜாம்களில் தன் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்த புள்ளியைக் கழித்தால் வருவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 'நீ இருந்தபோது அணி ஜெயித்ததா தோற்றதா?'

ஓர் உதாரணக் கணக்கு. ஓர் ஆட்டத்தில் 40 ஜாம். அதில் 12-ம் எண் பிளாக்கர் 14 ஜாம் ஆடினார், மொத்தம் +18. 47-ம் எண் பிளாக்கரும் 14 ஜாம் ஆடினார், மொத்தம் -12. கோச் பார்வையில் 12 ராணி, 47 பெஞ்சு.

இப்போது கூட்டலை உடைத்துப் பாருங்கள். 12-ம் எண் ஆடிய ஜாம்களில் ஒன்று பவர் ஜாம், அதாவது எதிரணி ஜாமர் பெனால்டி பாக்ஸில் இருந்த நேரம். தடுக்க வேண்டிய ஜாமரே தளத்தில் இல்லை. அந்த ஒரே ஜாமில் 20-0. மீதி 13 ஜாமில் அவர் கணக்கு -2. 47-ம் எண்ணுக்கு நேர்மாறு. அணியில் நன்றாகத் தடுக்கத் தெரிந்தவர் அவர்தான் என்பதால், சொந்த ஜாமர் பாக்ஸுக்குப் போன மூன்று ஜாமிலும் அவரையே இறக்கினார்கள். அந்த மூன்றில் ஜாமுக்கு 8 புள்ளி வீதம் 24 போனது. மீதி 11 ஜாமில் அவர் கணக்கு +12.

ஆக, யார் ராணி? :-)

இதில் கொடுமை என்னவென்றால், 47-ஐ அந்த மூன்று ஜாமுக்கும் அனுப்பியவர் இதே கோச். திறமைசாலி என்று நம்பித்தான் தீயணைக்க அனுப்பினார். திரும்பி வந்தவர் சட்டையில் கரி இருக்கிறது என்று இப்போது திட்டுகிறார்.

ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். 1960-களின் கடைசியிலிருந்தே பிளஸ்/மைனஸைப் பதிவு செய்கிறது. அங்கே எதிரணியில் ஒருவர் பெனால்டியில் இருக்கும்போது அடித்த கோல் இந்தக் கணக்கில் சேராது. ஆள் குறைந்த அணிமேல் அடித்ததை வைத்து யாரையும் புகழவும் கூடாது, இகழவும் கூடாது என்ற குறைந்தபட்ச நேர்மை. அவ்வளவு செய்தும் அந்த எண்ணை நம்பக் கூடாது என்று சொல்லும் ஹாக்கி ஆய்வாளர்கள் ஏராளம். டெர்பி கோச்சின் ஷீட்டில் அந்த முதல் படிகூட இல்லை.

பவர் ஜாமைத் தனியே எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. அடிப்படைச் சிக்கல் வேறு. காமர்ஸ் மாணவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் கூட்டுப் பொருள் என்று ஒரு பாடம் வரும். ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்தே வரும். பிரியும் இடம்வரை ஆன செலவில் பெட்ரோலின் பங்கு எவ்வளவு? அளவுப்படி பிரிக்கலாம், விற்பனை மதிப்புப்படி பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் அது வசதிக்காகப் போட்ட பிரிவுதான். அந்தப் பிரிவை வைத்து 'மண்ணெண்ணெய் நஷ்டம், நிறுத்திவிடு' என்று முடிவெடுத்தால் பரீட்சையில் மார்க் போய்விடும். மண்ணெண்ணெயை மட்டும் வராமல் செய்ய முடியாது.

ஒரு ஜாமில் கிடைக்கும் புள்ளியும் அப்படித்தான். ஐந்து பேர் சேர்ந்து உண்டாக்கியது. நால்வர் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் சுவரில் எதிரணி ஜாமர் இடது ஓரமாக நுழைந்துவிட்டார் என்றால், அது இடது ஓரத்தில் நின்றவர் குற்றமா, அவரை நகரச் சொன்னவர் குற்றமா, நகராமல் நின்ற நடு ஆள் குற்றமா? பிளஸ்/மைனஸ் நால்வருக்கும், பாவம் அந்தப் பக்கம் முட்டிக்கொண்டிருந்த சொந்த ஜாமருக்கும் சேர்த்து, ஒரே மைனஸைப் போட்டுவிட்டுப் போய்விடும்.

நிறைய ஆட்டம் ஆடினால் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு பதில் வரும். பத்து பிளாக்கர்கள் இருக்கும் அணியில் நால்வர் கூட்டணி எத்தனை விதம் அமைக்கலாம் தெரியுமா? 210. ஓர் ஆட்டத்தில் 40 ஜாம் என்றால் அதிகபட்சம் 40 கூட்டணிதான் பார்க்க முடியும். நடைமுறையில் அதுவும் கிடையாது, ஏழெட்டுக் கூட்டணிகளே மாறி மாறி வரும். எப்போதும் சேர்ந்தே இறங்கும் இருவருக்கு எப்போதும் ஒரே நம்பர்தான் வரும். எத்தனை சீசன் ஆடினாலும் அவர்களில் யார் நல்லவர் என்று அந்த ஷீட் சொல்லப் போவதில்லை.

இந்த இடத்தில் கோச்சுகள் பேஸ்பாலை இழுப்பார்கள். 2002-ல் ஓக்லாண்ட் அணி, மிகக் குறைந்த சம்பளப் பட்டியல் வைத்திருந்த அணிகளில் ஒன்றாக இருந்தும், புள்ளிவிவரத்தை நம்பி 103 ஆட்டம் ஜெயித்ததே! மைக்கேல் லூயிஸ் அதைப் புத்தகமாகவே எழுதினாரே! உண்மைதான். ஆனால் பேஸ்பாலில் பந்து எறிபவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர். யார் ஜெயித்தார் என்று ஒவ்வொரு பந்துக்கும் பெயர் சொல்லி எழுதலாம். அதே மைக்கேல் லூயிஸ் 2009-ல் ஷேன் பாட்டியே என்ற கூடைப்பந்து வீரரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வழக்கமான புள்ளிப் பட்டியலில் பாட்டியே சாதாரண ஆள். அவர் களத்தில் இருந்தால் மட்டும் சக வீரர்கள் நன்றாக ஆடுவார்கள், எதிரணி மோசமாக ஆடும். அவர் செய்த வேலைக்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டமே இல்லை. டெர்பி பிளாக்கர் ஒவ்வொருவரும் ஒரு பாட்டியேதான். கோச்சுகள் முதல் லூயிஸைப் படித்துவிட்டு இரண்டாவது லூயிஸைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஜாமர் விஷயத்தில் ஆபத்து இன்னும் பெரியது. ஜாமரை 'ஜாமுக்கு எத்தனை புள்ளி' என்று அளக்கிறார்கள். லீட் வாங்கிய ஜாமர் நான்கு புள்ளி எடுத்துவிட்டார், எதிரணி ஜாமர் சுவரை உடைத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருக்கிறார். புத்தியுள்ளவர் உடனே இடுப்பில் தட்டி ஜாமை முடிப்பார். 4-0 கையில். ஆனால் தன் இடம் புள்ளிச் சராசரியில் தொங்குகிறது என்று தெரிந்தவர் என்ன செய்வார்? இன்னொரு சுற்று ஓடிப் பார்ப்பார். தனக்கு நான்கு, எதிரணிக்கு நான்கு. அவர் சராசரி எட்டு ஆகிவிட்டது, அணியின் நாலு புள்ளி லாபம் அதே நாலில்தான் நிற்கிறது. கொஞ்சம் பிசகினால் அதுவும் போச்சு.

சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975-லேயே இதைச் சொல்லிவிட்டார்: அளவுகோலையே இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். 2016-ல் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்ததும் இதே கதைதான். ஊழியருக்கு இத்தனை கணக்கு திறக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்கு திறந்தார்கள். நம்பர் அழகாகத்தான் இருந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். நம்பர் இல்லாவிட்டால் கோச் தன் சிநேகிதிகளைத்தான் இறக்குவார், நம்பர் வந்த பிறகுதான் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்பு வந்தது என்பார்கள். டெர்பி லீக்குகள் வீராங்கனைகளே நடத்துபவை. கோச்சும் பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான். பாரபட்சம் நிஜமான பயம், அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் பிளஸ்/மைனஸ் எங்கிருந்து வருகிறது? யார் யாரோடு, யாருக்கு எதிராக, எந்த நேரத்தில் இறங்கினார் என்பதிலிருந்து. அதைத் தீர்மானிப்பது யார்? கோச்! பிடித்தவரை நல்ல ஜாமரோடு இறக்குகிறார், பிளஸ் வருகிறது. பிடிக்காதவரை மூன்றாவது வரிசை ஜாமரோடு இறக்குகிறார், மைனஸ் வருகிறது. அடுத்த வாரம் அந்தத் தாளை எடுத்து நீட்டுகிறார். பாரபட்சம் ஒழியவில்லை, ரசீது போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. முன்பாவது முகத்துக்கு நேரே சண்டை போடலாம். இப்போது தாளோடு சண்டை போட முடியாது.

யாருக்கு நஷ்டம் என்றும் யோசிக்க வேண்டும். டெர்பியில் சம்பளம் இல்லை. மாதச் சந்தா கட்டி, ஸ்கேட்டும் முட்டிக்காப்பும் சொந்தக் காசில் வாங்கி, வேலை முடிந்து இரவில் பயிற்சிக்கு வருகிறார்கள். தளத்துக்கு எல்லைக்கோடு ஒட்டுவதும் அவர்கள், டிக்கெட் கிழிப்பதும் அவர்கள். 47-ம் எண்ணை நாலு ஆட்டம் பெஞ்சில் வைத்தால் ஐந்தாவது ஆட்டத்துக்கு அவர் வரமாட்டார். பிறகு சொந்த ஜாமர் பாக்ஸுக்குப் போகும்போது தீயணைக்க ஆள் இருக்காது. அந்த நஷ்டம் எந்த ஷீட்டிலும் அவர் பெயரில் வராது.

அப்படியானால் கணக்கே வேண்டாமா? தாராளமாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்கேட் போடாத அதிகாரிகள், தன்னார்வமாக வந்து, ஒவ்வொரு ஜாமுக்கும் யார் இறங்கினார், எத்தனை புள்ளி, யாருக்கு என்ன பெனால்டி என்று எழுதுகிறார்கள். அந்த உழைப்பைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஒழுங்காகப் பயன்படுத்தச் சொல்வதுதான்.

1. பெனால்டியை ஆள்வாரியாக எண்ணலாம். நடுவர் நிறத்தையும் எண்ணையும் சொல்லி ஒரு ஆளைத்தான் வெளியே அனுப்புகிறார். ஆனால் மொத்தத்தை எண்ணக் கூடாது, ஜாமுக்கு எத்தனை என்று எண்ண வேண்டும். 20 ஜாமில் 5 பெனால்டி வாங்கியவரைவிட 6 ஜாமில் 3 வாங்கியவருக்குத்தான் பயிற்சி தேவை.

2. புள்ளியைக் கூட்டணிவாரியாக எண்ண வேண்டும், தனி ஆள் பெயரில் அல்ல. பவர் ஜாமுக்குத் தனிப் பத்தி. இந்த நால்வர் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

3. ஆளை அளக்க வேண்டுமானால் பயிற்சியில் அளக்க வேண்டும். ஸ்டாப்வாட்சை எடுத்து, சுவர் ஒரே ஜாமரை எத்தனை விநாடி நிறுத்துகிறது என்று பார்க்கலாம். எல்லோரையும் எல்லோரோடும் மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும். ஆட்டத்தில் முடியாதது பயிற்சியில் முடியும், அங்கே தோற்றாலும் பாதகமில்லை.

4. முடிவெடுப்பதற்கு முன் அந்த வரியைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்ட வேண்டும். "இந்த ஜாமில் என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும். தளத்தில் நின்றவருக்குத் தெரிந்தது எக்செல்லுக்குத் தெரியாது.

இது நான்கும் செய்த பிறகும் ஒருவரை உட்கார வைக்க வேண்டியிருக்கலாம். ஆட்டத்துக்கு 15 பேர்தான், யாராவது வெளியே இருந்துதான் ஆக வேண்டும். அப்போது கோச் லேப்டாப்பை மூடிவிட்டு, எதிரே உட்கார்ந்து, "இது என் முடிவு, காரணம் இது" என்று சொல்லட்டும். கோச் என்ற பதவியே அதற்காகத்தான். அதைச் சொல்லத் தைரியம் இல்லாதவருக்கு எத்தனை நம்பர் இருந்தும் பிரயோஜனமில்லை.