ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?

பழைய கார் விற்கும் நிறுவனம் ஒன்றில் என் தம்பி எடுத்த டீசல் கார், பத்தொன்பதாம் நாள் அவிநாசி சாலையில் கியர் விழாமல் நின்றுவிட்டது. ‘சிங்கிள் ஓனர், 48 ஆயிரம் கிலோமீட்டர், ஷோரூம் சர்வீஸ்’ என்று வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பி, 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு விற்ற வண்டி. பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கிய மெக்கானிக், எங்களைக் குனிந்து பிரேக் பெடலைப் பார்க்கச் சொன்னார். ரப்பரின் வரிகள் முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருந்தன. “ஒரு லட்சத்துக்கு மேல ஓடியிருக்குங்ணா” என்றார். விற்றவரிடம் கேட்டால் ஒரே பதில்: “ஓட்டிப் பார்த்துத்தானே சார் எடுத்தீங்க?”

கூடவே, தம்பி கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டை நீட்டினார். ‘உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொண்டேன், இனி எந்தப் பழுதுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்று அதில் ஒரு வரி. வண்டி பட்டறையில் கிடக்க, வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் போகிறது.

அந்த ஒரு வரியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொள்கிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னால் வழக்காட முடியாது. கதவில் உள்ள கீறல் அப்படிப்பட்டது. கியர் பாக்ஸுக்குள் தேய்ந்த பல்சக்கரம், பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இதைவிட வலுவான பிடி, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. குறைபாடு என்பதற்கு அது தரும் விளக்கத்தில், வியாபாரி எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரமும் ஓர் அளவுகோல். பழைய கார் புதுக் காரைப் போல ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விற்றவர் சொன்னபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அந்த வாட்ஸ்ஆப் செய்தி சாட்சியம். விளம்பரப் படமும் சாட்சியம். பொய் சொல்லி விற்றிருந்தால், டெலிவரி நோட்டில் போட்ட கையெழுத்து அந்தப் பொய்யை மெய்யாக்கிவிடாது. கால் டாக்சி ஓட்டிப் பிழைக்கத் தனக்கென்று ஒரு வண்டி எடுத்தவருக்கும் இந்த உரிமை உண்டு. சுயதொழிலால் பிழைப்பவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கியவருக்குத்தான் இந்த வழி பொதுவாகக் கிடைப்பதில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிட்டுப் பார்க்கலாம்.

ஆனால், நம் ஆள் தோற்பது நிரூபிக்கும் இடத்தில். வாங்கிய அன்றே அந்தக் குறை இருந்தது என்று காட்டும் சுமை அவர் தலையில் விழுகிறது. பரிசோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதுவரை கார் தேவைப்படுகிறவர் என்ன செய்வார்? பழுதைச் சரிசெய்து ஓட்டுவார். அதோடு சாட்சியமும் போய்விடும். தாமதமாகத் தெரியும் குறையை நிரூபிப்பதோ இன்னும் கடினம். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து விற்றால், வயரிங்கில் ஏறிய ஈரம் மாதக்கணக்கில் கழித்தே வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் தெரியும் சேற்றுக்கறையையும், ஸ்டெப்னி குழியில் படிந்த வண்டலையும் தேடிப் பார்க்க எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் சுமை இடம் மாறி இருக்கிறது. வியாபாரியிடம் வாங்கிய பழைய காரில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்து பழுதுநீக்கக் கேட்டால், அது விற்ற அன்றே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் வேலை. காரின் வயதும் ஓட்டமும் கணக்கில் எடுக்கப்படுவதால் வியாபாரிக்கும் அநியாயம் இல்லை. நமக்கும் இதுதான் வேண்டும்.

இங்கே 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை ஒப்படைத்துத் தகவல் பதிந்ததும், வியாபாரியே அதன் உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியை விற்றும் பெயர் மாறாததால் விபத்து இழப்பீட்டில் சிக்கிக்கொண்ட பழைய உரிமையாளர்களுக்கு இது பெரிய நிம்மதி. வாங்குபவருக்கோ இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. விதிகளின் கவனமெல்லாம் பதிவிலும் பெயர் மாற்றத்திலும்தான்.

அதே விதிகளில் ஒரு படிவத்தைச் சேர்த்தால் போதும். விபத்து, வெள்ளம், இன்ஷூரன்ஸ் இழப்பீடு, ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டர், மாற்றிய முக்கிய பாகங்கள் என எல்லாவற்றையும் எழுதி வியாபாரி கையெழுத்திட்டு, கார் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். இவற்றில் பலவும் காப்பீட்டு நிறுவனத்திலும் சர்வீஸ் சென்டரிலும் ஏற்கெனவே இருக்கும் தகவல்கள். தம்பிக்கு அந்தத் தாள் கிடைத்திருந்தால், வண்டியை எடுக்கும் முன்பே உண்மையான ஓட்டம் தெரிந்திருக்கும். இப்போது அவன் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையையும், பெடலின் புகைப்படத்தையும் வைத்துக்கொண்டு புகார் எழுதிக்கொண்டிருக்கிறான். கியர் பாக்ஸ் இன்னும் பட்டறையில் பிரித்தபடியே இருக்கிறது. ஆணையம் சோதிக்கும் வரை அதைப் பூட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.